தோணிரேவு வளைவு

பழவேற்காட்டில் இரண்டரை வருஷம் வேலை பார்த்தும் நான் ஒரு தடவைகூட இறால் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டால் கழுத்தும் காதும் தடித்துவிடும்; சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் சைட் காவலாள் பொன்னுரங்கம் இதை நம்பவே மாட்டான். ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலை அவன் மனைவி நாகம்மாள் வறுத்து டப்பாவில் கொடுத்தனுப்புவாள். அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு துன்னு பாரு சார், ஒண்ணும் ஆவாது" என்பான். அவன் போனதும் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக இருந்தது என்று சொல்வேன். யாருடைய மனதையும் நோகடிப்பது எனக்குப் பிடிக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் கிடையாது. எப்சிபா மேலும் கிடையாது. நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் நீங்கள் "என்ன விரோதம், என்ன விரோதம்" என்றே கேட்கிறீர்கள். விரோதத்தைத் தேடினால் கிடைக்காது. நான் வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மூர்த்தி. வயது நாற்பத்தேழு. கேஸ் குழாய் போடுகிற கான்ட்ராக்ட் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். குழாய் போடுவது என்றால் பள்ளம் வெட்டி இறக்கி மூடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பள்ளம் வெட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்கள் ஒரு ஒழுங்கில் வந்து சேர வேண்டும். வால்வு கப்பலில் வரும். அதன் போல்ட் வேறு ஊரிலிருந்து லாரியில் வரும். போல்ட் வந்த அன்றைக்கு வால்வு துறைமுகத்தில் ஏதோ ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடக்கும். ஒரு சாமான் வராவிட்டால் மற்ற எல்லாம் வெயிலில் கிடக்கும், நூற்றைம்பது ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதைச் சமாளிப்பவன் நான். மூர்த்தி கையில் கொடுத்த வேலை நிற்காது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு சும்மா வரவில்லை.

பழவேற்காட்டுக்கு முன்னால் வடக்கே ஒரு புராஜெக்டில் நான் வேலையை நிறுத்தியிருக்கிறேன். வெல்டிங் ராடுகள் மழையில் ஈரமாகிவிட்டன. அவற்றால் பற்றவைத்தால் உள்ளே நுண்ணிய ஓட்டைகள் விழும். புது ராடு வரும்வரை பத்தொன்பது நாள் நிறுத்தினேன். புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்தேன். இருபதாவது நாள் எனக்குப் பதில் இன்னொருவனை அனுப்பினார்கள். அவன் அதே ஈர ராடை அடுப்பில் காயவைத்து ஒட்டி முடித்தான். திறப்பு விழாவில் அவனுக்கு மாலை போட்டார்கள். அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. எனக்குத் தலைமை ஆபீஸில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள். எட்டு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்காது. சாப்பிடப் போகும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு மனிதனைக் கொல்ல எத்தனையோ வழி இருக்கிறது, மேடம். அதுவும் ஒன்று. ஆனால் அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

ஒன்பதாவது மாதம் பழவேற்காட்டு வேலை வந்தது. கடலோரத்திலிருந்து காட்டூர் வயல்களின் ஓரமாக வந்து, தோணிரேவில் ஏரிக்கரையைத் தொட்டு, ஒரு கால்வாய்க்கு அடியில் நுழைந்து போகிற இருபத்துநான்கு இஞ்சுக் குழாய். மூன்று பேர் வேண்டாம் என்று சொன்ன வேலை. நான் ஒத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் கோட்டைக்குப்பத்துக்காரர்கள் படகுகளைக் குறுக்கே கட்டி எங்கள் மிதவையை மறித்தார்கள். பதினோரு நாள் மறியல். பேச்சுவார்த்தை நான்கு முறை நடந்தது. பன்னிரண்டாவது நாள் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, கரையில் காயப்போட்டிருந்த வலைகளை எரித்தார்கள். தடுக்க வந்தவர்களை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். சுப்பன் என்பவருக்கு இடது கண் போயிற்று. இன்னொருவருக்கு முழங்கால் இரண்டாக உடைந்தது. அந்தக் கேஸ் குற்றவாளிகள் யாரென்று தெரியாமலே முடிந்துபோனது. அந்த ஆட்கள் என் ஏற்பாடு. கண்ணெல்லாம் நான் சொல்லவில்லை. வலையை மட்டும்தான் சொன்னேன். ஆனாலும் அடுத்த வாரம் மிதவை நகர்ந்தது. சுப்பனுக்கு எங்கள் ஸ்டோரில் உட்கார்ந்த வேலை போட்டுக் கொடுத்தேன். ஒரு கண்ணோடு அவர் சாமான் எண்ணுவதில் தப்பே வந்ததில்லை.

இப்போது வளைவுக்கு வருகிறேன். சைட்டில் பெண்டு என்போம். குழாய் நேராகப் போகும்வரை பிரச்சினை இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில், தொழிற்சாலையில் சுடவைத்து வளைத்த துண்டு ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும். அதனால் அதைச் செய்கிறவன் கவனமாகச் செய்ய வேண்டும். நாங்கள் ஆர்டர் கொடுத்த தொழிற்சாலையில் உலை பழுதாகிவிட்டது. பதினான்கு வாரம் தாமதம் என்று எழுதினார்கள். அப்போது ஜூன் முடிகிற நேரம். பதினான்கு வாரம் என்றால் அக்டோபர். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும், ஏரி ஏறும், தோணிரேவுக் குழி மூழ்கும். பிறகு ஜனவரியில்தான் காலை வைக்க முடியும். ஜனவரி என்றால் எனக்கு மறுபடி மாடிப்படிக்குப் பக்கத்து மேஜை.

மேற்கே ஒரு பழைய சாமான் யார்டில் அதே அளவில் ஒரு வளைவு கிடந்தது. வேறு ஏதோ புராஜெக்ட் தள்ளிவிட்டுப் போனது. வெளிப்பக்கம் மெலிந்திருக்கிறது என்றுதான் தள்ளியிருக்கிறார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாகவே இருந்தது. அதில் பொறித்திருந்த எண்ணைச் சாணை பிடித்து அழித்துவிட்டு, எங்கள் ஆர்டர் எண்ணைப் பொறிக்கச் சொன்னேன். சான்றிதழும் அதற்குத் தகுந்தாற்போல் வந்தது. ஜூலை கடைசியில் வளைவு சைட்டுக்கு வந்தது. ஆகஸ்டில் தோணிரேவுக் குழியில் இறக்கி ஒட்டினோம். கம்பெனியிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது.

குழி எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் இடிந்த பிறகு பார்த்தீர்கள். பதினைந்தடி ஆழம். சுற்றிலும் இரும்புத் தகடு இறக்கி, ஏரிப் பக்கம் மண்மூட்டை அடுக்கி அணை கட்டியிருந்தோம். இறங்க ஒரு ஏணி. குழிக்குக் காவல் பொன்னுரங்கம். விடியற்காலையில் ஏரியில் நண்டு பிடித்துவிட்டு, எட்டு மணிக்கு எங்கள் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். கால் விரலில் எப்போதும் சேறு இருக்கும்.

எப்சிபா காட்டூர்ப் பெண். எங்கள் கம்பெனி ஆள் இல்லை. எங்கள் வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதற்குக் கேஸ் கம்பெனி வைத்த இன்ஸ்பெக்டர். முப்பத்தொரு வயது. அவள் அப்பாவுக்கு எங்கள் குழாய் போகிற வரிசையிலேயே ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. "எங்க நைனா வயலுக்கு அடியில போற குழாயி சார், நான் பாக்காம யார் பாக்கறது" என்று சிரிப்பாள். வேலையில் சுத்தம். வெல்டர்கள் பயப்படுவார்கள், ஆனால் மரியாதையும் இருந்தது. எனக்கும் இருந்தது. என் மகள் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது எப்சிபாவிடம்தான் பேசச் சொன்னேன்.

செப்டம்பர் முதல் வாரம் அவள் கனம் அளக்கிற கருவியோடு குழியில் இறங்கியிருக்கிறாள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. பொறித்த எண்ணைச் சுற்றிச் சாணை பிடித்த பளபளப்பு கண்ணில் பட்டதாம். மத்தியானம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், அது நாம ஆர்டர் பண்ண பெண்டு இல்ல சார்."

"யார் சொன்னா?"

"பன்னெண்டு மில்லி இருக்கணும். வெளிப்பக்கம் எட்டே முக்கால்தான் காட்டுது. ஒரு எடத்துல மயிர் மாதிரி கீறல் வேற இருக்கு. உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க சார்."

என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். நான் ஏமாற்றியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். முதலில் என்னிடம் சொல்வதுதான் முறை என்று வந்தேன் என்றாள்.

வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஹைட்ரோ டெஸ்ட் முடியும்வரை பொறுத்துக்கொள், டெஸ்டில் தாங்கினால் அது நல்ல வளைவுதானே என்று சொல்லிப் பார்த்தேன். குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, கேஸ் போகும்போது இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றுவதுதான் அந்த டெஸ்ட். நூற்று முப்பத்தைந்து பார் வரை ஏற்றுவோம். கார் டயரில் இருக்கும் காற்றைப்போல் அறுபது மடங்கு. அதைத் தாங்கினால் எதையும் தாங்கும்.

"இன்னிக்குத் தாங்கும் சார். அஞ்சு வருசம் கழிச்சு வுட்டுச்சுன்னா? தோணிரேவுல நூத்திருவது வூடு சார். கேஸு."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவள் கேட்டது ஜனவரி. எனக்கு ஜனவரி இல்லை.

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். டெஸ்டை ஆரம்பிப்பது, அறுபது பாரில் நிறுத்துவது, அப்போது அவள் குழியில் இறங்கி அந்தக் கீறலைப் பார்ப்பது, துளி கசிந்தாலும் நானே கம்பெனிக்கு எழுதி வளைவை வெட்டுவது. அறுபதில் ஆபத்தில்லை, அவளுக்கும் தெரியும். அதுவரை யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் வாக்குக் கொடுத்தாள். "உங்க பேரு கெடாம முடிச்சிரலாம் சார்" என்றாள். நல்ல பெண்.

இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். பம்ப் ஆபரேட்டர் பிரசாந்த் சொன்னதோடு இது ஒத்துப்போக வேண்டும்.

குழாயில் தண்ணீர் மட்டும் இருந்தால், அது உடைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிளக்கும், தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். தண்ணீரைச் சுருக்க முடியாது. அதனால் அதற்குள் கோபம் சேராது. காற்று அப்படியில்லை. சுருங்கிச் சுருங்கி உட்கார்ந்திருக்கும், வழி கிடைத்ததும் மொத்தமாக வரும். அதனால்தான் தண்ணீர் நிரப்பும்போது மேடான இடங்களில் வெண்ட் என்கிற சின்ன வால்வைத் திறந்துவைத்துக் காற்றை முழுக்க வெளியேற்றுவோம். தோணிரேவுக் குழிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மேடு உண்டு. அங்கே இருந்த வெண்ட்டை, காற்று போய் முடிவதற்குள், நான் பாதியிலேயே மூடினேன். நாற்பது மீட்டர் நீளத்துக்குக் காற்று நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

குழிக்குள் ஒரு அழுத்த மீட்டர் இருந்தது. அதை டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே கழற்றிச் சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். எப்சிபா கேட்டாள். பம்ப்பில் இருக்கும் மீட்டர் புதிது, நானே அங்கே நின்று வாக்கி டாக்கியில் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க நிக்கறீங்கன்னா சரி சார்" என்றாள்.

பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்குப் பம்ப்பை ஓட்டினோம். பம்ப் ஷெட் குழியிலிருந்து அறுநூறு மீட்டர். ஓட்டியவன் பிரசாந்த். நாற்பதைத் தாண்டும்போதே அவன் சொன்னான், "சார், ஏர் நிக்குது சார். எத்தினி ஸ்ட்ரோக்கு போவுது பாருங்க, முள்ளு ஏறவே மாட்டேங்குது." அவனுக்குத் தொழில் தெரியும். பம்ப் பழசு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அறுபது வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பன்னிரண்டேகால். நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். போனவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அவன் போன பிறகு பம்ப்பை மறுபடி ஓட்டினேன்.

எப்சிபா வாக்கி டாக்கியில் கேட்டாள், "சார், எவ்ளோ இருக்கு?"

"அறுபது. நிறுத்தியிருக்கேன்" என்றேன். முள் எண்பத்தெட்டில் இருந்தது.

"எறங்கறேன் சார்."

"பாத்து எறங்கும்மா" என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டாம், மேடம். அந்த வார்த்தையை நான் மனதாரச் சொன்னேன். ஏணி வழுக்கும்.

அவள் கீழே போன பிறகு ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டே இருந்தாள். கீறல் அப்படியே இருக்கிறது, ஈரம் இல்லை, தொட்டுப் பார்க்கிறேன் என்றெல்லாம். நானும் பதில் சொன்னேன். முள் நூறைத் தாண்டியது. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினாறில் அவள், "சார், தகரம் மாதிரி ஒரு சத்தம் வருது" என்றாள். பிறகு, "சார், காத்து போறதுக்குள்ள மேல வெண்ட்ட மூடிட்டாங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சத்தம் எனக்கே கேட்டது. முதலில் வாக்கி டாக்கியில். அப்புறம் காற்றில்.

ஷெட்டின் தகரக் கூரை ஒரு முறை எகிறி உட்கார்ந்தது. ஏரியில் இருந்த நாரைகள் எல்லாம் ஒரே துணியை உதறினாற்போல் கிளம்பின. குழி இருந்த திசையில் சேறு பனை உயரம் எழுந்து நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. நான் பம்ப்பை நிறுத்தினேன். பதிவுத் தாளில் அறுபது என்று எழுதினேன். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதான். பழுதான சாமானைத் தலையில் கட்டிய யார்டுக்காரன்மேல் பழி போகும். விபத்தால் ஏற்பட்ட தாமதம் என்று மழைக்காலம் முழுவதும் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் சரியான வளைவு வந்துவிடும். தோணிரேவுக்கும் அதுதான் பாதுகாப்பு. எல்லோருக்கும் நல்லது என்று யோசித்துத்தான் செய்தேன். ஒரு உயிர். நான் அதற்கு மேல் நினைக்கவில்லை.

குழிக்குப் போனபோது மண்மூட்டை அணை உடைந்து ஏரித் தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வளைவு வெளிப்பக்கம் முழுக்க வாய் பிளந்து, இரும்பு இலை மாதிரி விரிந்து கிடந்தது. தண்ணீர் செந்நிறமாக, இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. பொன்னுரங்கம் அதில் நின்றுகொண்டிருந்தான்.

அவனை இருநூறு மீட்டர் தள்ளி ரோட்டுத் தடுப்பில் நிறுத்தியிருந்தேன். அங்கேயே நில், என்ன நடந்தாலும் நகராதே என்று காலையில் இரண்டு தடவை சொன்னேன். அவன் ஓடிவந்து குதித்திருக்கிறான். எப்சிபாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான். அவளுக்கு ஒரு கால் தொடைக்குக் கீழே இல்லை. இடது கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அந்தத் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். நன்றாகவே கட்டியிருந்தான்.

"மேடம் உசுரோட கீது சார்" என்றான். "கவுறு போடு சார். சீக்கிரம்."

எப்சிபா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வலியே இல்லாததுபோல் தெளிவாகப் பேசினாள். அந்த மாதிரி அடியில் சில சமயம் அப்படி இருக்கும் என்று டாக்டர் ஒருவர் பிறகு சொன்னார்.

"அறுவது இல்ல சார். காத்து போறதுக்குள்ள வெண்ட்ட மூடியிருக்கு. நீங்க மூடியிருக்கீங்க."

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு வெண்ட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவன் காதில் விழுந்துவிட்டது. கேட்டதை அவன் அப்படியே யாரிடமாவது சொல்வான். ஏரியில் எந்த இடத்தில் எவ்வளவு சேறு என்று வருஷக்கணக்காக நினைவில் வைத்திருப்பவன் அவன்.

ஜீப்பில் கயிறு இருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் இரண்டடி நீளப் பைப் ரெஞ்சும் இருந்தது. குழாயைக் கவ்வித் திருப்புவதற்கு அதன் வாயில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கும். இரண்டையும் எடுத்தேன். கயிற்றின் ஒரு முனையை ஏணியின் தலையில் கட்டி, "நீ மேல வந்து புடி, நான் எறங்கி மேடத்தைத் தூக்கறேன்" என்றேன். அவன் எப்சிபாவை இரும்புத் தகட்டில் சாய்த்து, அவள் நல்ல கையைத் தண்ணீருக்கு மேலிருந்த ஏணிப்படியில் கோத்துவிட்டான். "கெட்டியா புட்ச்சிக்கோ மேடம், தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறினான். தலை தரைமட்டத்துக்கு வந்தது. இரண்டு கையும் படியில் இருந்தன. பின்னந்தலையில் அடித்தேன்.

ஒரே அடியில் முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. அவன் ஏணியை விடவில்லை. தலையைத் தூக்கி, "இன்னா சார்" என்றான். இரண்டாவது அடியில் ஒரு கை விட்டது. மூன்றாவதில் எலும்பு உள்ளே போவது கைப்பிடியில் தெரிந்தது. அவன் விழுந்தபோது ரெஞ்சின் பல் அவன் முடியில் மாட்டிக்கொண்டு, அதுவும் என் கையை விட்டுப் போய்விட்டது.

எப்சிபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை என்று நினைக்கிறேன். நான் ஏணியில் இறங்கினேன். தண்ணீர் அதற்குள் அவள் கழுத்துவரை வந்துவிட்டது. "எங்க நைனாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். அவள் ஹெல்மெட் அப்போதும் தலையில் இருந்தது. அதன்மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அழுத்தினேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, நான் வைத்த கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவள் என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தாள். பெல்ட் கோக்கிற வார் ஒன்று அறுந்தது. நூற்று எண்பதுவரை எண்ணினேன். நூற்று இருபதிலேயே போதும், ஆனால் பாதியில் விட்டால் அவளுக்குத்தான் கஷ்டம்.

பிறகு மேலே வந்து கத்தினேன். வெல்டர்கள் ஓடிவர ஏழு நிமிஷம் ஆயிற்று. அவர்கள் பார்த்தது, ஈரத்தோடு குழி ஓரத்தில் மண்டியிட்டு அழும் மேனேஜரை. அந்த அழுகை நடிப்பில்லை.

பிரேதப் பரிசோதனையில் இருவரும் பறந்த இரும்பாலும் தண்ணீரில் மூழ்கியும் இறந்தார்கள் என்று வந்தது. நான் இரண்டு அடக்கத்துக்கும் போனேன். காட்டூரில் எப்சிபாவின் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்த எறங்குனீங்களாமே சார்" என்றார். தோணிரேவில் நாகம்மாள் என் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் என் ஆபீஸுக்கு வந்தாள். மார்புவரை சேலை ஈரம். இறால் பிடிக்கும்போது வாயில் கடித்துக்கொள்கிற ஓலைக் கூடை, பறி என்பார்கள், கழுத்தில் தொங்கியது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரெஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்போதும் அதிலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது.

"இது உன்துதானே சார்?"

கைப்பிடியில் என் பணியாளர் எண் பொறித்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"குழியில. சேத்துக்குள்ள ஒரு மொழம். போலீசு ஒடஞ்ச இரும்ப கொக்கி போட்டு தேடுச்சு, இது கெடைக்கல. எனக்குக் கையே போதும்."

வெடித்தபோது ஜீப்பிலிருந்து தெறித்து விழுந்திருக்கும் என்றேன்.

"எங்க ஆளைக் குளிப்பாட்டுனது நானு சார். பொடனில வரிசையா பல்லு பட்டாப்புல இருந்துச்சு. இரும்பு பறந்து வந்து வெட்டுனா அப்டியா இருக்கும்? இன்னா கடிச்சுதுன்னு ஒம்போது நாளா ரோசன பண்ணிக்கினே கெடந்தேன்." அவள் ரெஞ்சின் வாயில் விரலை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். "இதுதான் கடிச்சிருக்குது."

உன் மகள் வினோதினிக்கு நிரந்தர வேலை போட்டுத் தருகிறேன் என்றேன். வேறு என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன்.

"வேல கேட்டு வரல சார். அந்தாளு வுளுந்து கெடந்த பொண்ணத் தூக்கப் போனான். அவன இன்னாத்துக்கு அடிச்ச? அத்த மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

நியாயமான கேள்வி. கதவு சாத்தியிருந்தது. ஏசி சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. ரெஞ்சு என் பக்கம்தான் இருந்தது. எழுந்து அதை எடுத்துத் தூக்கினேன். அவள் பின்வாங்கவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை.

"அடி சார்" என்றாள். "அப்பறம் வெளிய பாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலி நெடுக தோணிரேவுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். எல்லோரும் ஏரியிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள்; எல்லோர் கழுத்திலும் பறி. நான் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணியில் நீங்கள் வந்தீர்கள்.

இதுதான் நடந்தது. வளைவு, வெண்ட், மீட்டர், பொன்னுரங்கம், எப்சிபா, கோட்டைக்குப்பம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. வேறு யாரையும் இழுக்க வேண்டாம். பிரசாந்துக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். நாகம்மாள் கொடுத்த வாக்குமூலத்தில், நான் அவளை அடித்ததாகவும், அவள் கையால் தடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை, மேடம். நான் ஓங்கினேன், அடிக்கவில்லை. தயவுசெய்து அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இதையெல்லாம் படிப்பாள். இந்த நாற்பத்தேழு வருஷத்தில் நான் ஒரு பெண்ணின்மேல் கை வைத்தது கிடையாது.